உமணர் கூட்டம் கேளாத சொல்

வண்டித் தடங்களே சாலையாக இருந்த காலத்தில், கடற்கரை உப்பை மலைநாட்டில் விற்கும் உமணர் கூட்டம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அதற்குத் தலைவன் சேந்தன். தாயில்லாத தன் மகள் அல்லியை வண்டியிலேயே வைத்து வளர்த்தான்.

ஒரு கோடையில், குறுக்கு வழியாகப் போகலாமா என்று கூட்டம் கூடிப் பேசியது. அந்த வழியில் இருப்பது ஒரே ஒரு சுனை. அந்த வழிப்பக்கம் இருந்த தன் பிறந்த ஊருக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்த நன்னி என்ற கைம்பெண் எழுந்தாள்.

"அந்தச் சுனையிலே..."

"புருஷனைப் பறிகொடுத்த வழியாயிற்றே, பயப்படுகிறாள்!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"பயமில்லை. ஆட்டிடையர்கள் சொன்னார்கள்..."

"வண்டி ஓட்டத் தெரியாதவளுக்கு வழியைப் பற்றி என்ன பேச்சு?" என்றான் இன்னொருவன்.

மூன்றாம் முறை அவள் வாய் திறந்தபோது சேந்தனே கையமர்த்தினான். "போதும், உட்காரம்மா. பொழுது போகிறது."

நன்னி உட்கார்ந்துவிட்டாள்.

புறப்பட்ட மூன்றாம் நாள் சுனையை அடைந்தார்கள். அதில் வெடித்த சேறுதான் இருந்தது. முதலில் எருதுகள் விழுந்தன. பிறகு கிழவர்கள் விழுந்தார்கள். பிறகு அல்லி கண் செருகினாள். நன்னி தன் சுரைக்குடுவையில் மிஞ்சியிருந்த ஒரு வாய்த் தண்ணீரைக் குழந்தையின் உதட்டில் ஊற்றினாள். அது உள்ளே இறங்காமல் கடைவாய் வழியாக வழிந்துவிட்டது.

"சுனை வற்றியது தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" என்று சேந்தன் கதறினான்.

"சொல்லத்தான் எழுந்தேன், அண்ணா. மூன்று முறை."

சிரித்தது யார் யாரோ; கையமர்த்தியது அவன் கை.

எஞ்சியவர்கள் எப்படியோ ஊர் சேர்ந்தார்கள். அடுத்த கூட்டத்தில் சேந்தன் எழுந்து சொன்னான்: "ஒருவர் பேசி உட்காரும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. சொன்னதை மறுக்கலாம், சொன்னவரைப் பழிக்கக் கூடாது. ஒருவருடைய துக்கத்தை எடுத்து அவர்மேலேயே எறியக் கூடாது."

பிறகு நன்னியைப் பார்த்தான். "நீ பேசம்மா."

நன்னி எழுந்தாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஒருவரும் குறுக்கிடவில்லை, ஒருவரும் நகரவில்லை. அவள் அழுது முடித்து உட்காரும்வரை கூட்டம் காத்திருந்தது. அந்தப் பொறுமை ஒரு பயணம் முன்னால் வந்திருந்தால் அல்லி பிழைத்திருப்பாள் என்று சேந்தன் நினைத்துக்கொண்டான்.

கேட்டவர்களே, மனத்தில் வையுங்கள்: பேசுகிறவரை மதித்து முழுதும் கேட்காத கூட்டம், தன்னைக் காக்க வந்த சொல்லையே இழந்துவிடும்.