கடைசியாகக் கேட்டது

பாளையங்கோட்டையில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள் ஷமீமா. வயது முப்பத்து மூன்று. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் தவசிமுத்து. இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று ஷமீமா பார்சல் எடுக்க வெளியே போயிருந்தாள். பத்தே முக்காலுக்கு ஒரு பெண் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி படியேறி வந்தாள். பெயர் ஜெபஸ்டினா. நர்ஸ்.

“இதுல சத்தமே வரலை சார். பன்னெண்டு மணிக்கு எனக்குப் பரீட்சை.”

ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்கான மொழிப் பரீட்சை. பக்கத்துத் தெருவில் சிநேகிதி வீட்டில் உட்கார்ந்து எழுதப் போகிறாள். பதிவு செய்த இந்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். வெளியிலிருந்து எதையும் மாட்டக் கூடாது. முதல் பகுதியே, பேசுவதைக் கேட்டுப் பதில் எழுதுவது. இன்று தவறினால் கிடைத்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

தவசிமுத்து சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஷமீமா சொல்லிக்கொடுத்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா, புதிதாக ஏதாவது ஏற்றினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் இல்லை என்றாள். அவர் டிக் அடித்தார்.

சத்தத்தின் அளவு முழுசாக இருந்தது. ஆனால் திரை, இயர்போன் மாட்டியிருப்பதாகக் காட்டியது. இயர்போன் சொருகும் துளையைப் பார்த்தார். கறுப்பாக, காலியாகத்தான் தெரிந்தது. சத்தத்துக்கான டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். அணைத்து, போட்டார். அப்போதும் இயர்போன் என்றே காட்டியது. ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

மணி பதினொன்று பத்து. ஜெபஸ்டினா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தவசிமுத்து லேப்டாப்பைக் கவிழ்த்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இரண்டு திருகுகளைக் கழற்றியிருப்பார், ஷமீமா உள்ளே வந்தாள்.

“என்ன ஆச்சு?”

அவர் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

“கையை எடுங்க அண்ணாச்சி.”

அவள் லேப்டாப்பைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெபஸ்டினாவின் எதிரே உட்கார்ந்தாள்.

“கடைசியா இதுல என்ன கேட்டீங்க?”

ஜெபஸ்டினா வாய் திறக்கவில்லை. ஷமீமாவும் மறுபடி கேட்கவில்லை. தவசிமுத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“டீச்சர், மணி பதினொண்ணு இருபது ஆகப்போவுது...”

ஷமீமா அவர் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

“பாடம் கேட்டுக்கிட்டு இருந்தேன்,” என்றாள் ஜெபஸ்டினா. “நேத்து சாயந்தரம். இயர்போன்ல. அப்ப அவங்க வந்தாங்க.”

“யாரு?”

“வீட்டுக்காரங்க.” புருஷனைத்தான் சொன்னாள். “நான் போகக் கூடாதாம். காதுல இருந்த ஒயரைப் பிடிச்சு இழுத்தாங்க. இழுத்த இழுப்புல லேப்டாப்பே மேசையில சுத்திருச்சு.”

காதோரத்தில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. அதைத் தவசிமுத்து அப்போதுதான் பார்த்தார்.

“அந்த இயர்போன் இருக்கா?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சொருகும் இடத்தில் முனை இல்லை. ஒடிந்த துண்டு லேப்டாப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. யாரோ இயர்போன் மாட்டியிருக்கிறார்கள் என்று நம்பி, லேப்டாப் சத்தத்தையெல்லாம் அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தது.

“நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் தவசிமுத்து.

“நீங்க கீழ விழுந்துச்சான்னு கேட்டீங்க சார். கீழ விழலையே.”

ஷமீமா ஒரு காலி பேனா ரீஃபில் குழாயை வெட்டினாள். அதன் முனையில் துளி பசை வைத்தாள்.

“உங்க கை நடுங்காது அண்ணாச்சி. நேரா உள்ள விடுங்க. ஓரத்துல பட்டா பசை அங்கேயே ஒட்டிக்கிடும். அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.”

தவசிமுத்து குழாயை உள்ளே விட்டு அழுத்திப் பிடித்தார். ஐந்து நிமிஷம் அப்படியே பிடித்திருந்தார். இழுத்தார். குழாய் மட்டும் வந்தது.

பதினொன்று முப்பத்தைந்து.

“இன்னொரு தடவை,” என்றாள் ஷமீமா.

அவருக்கு நெற்றி வேர்த்து வழிந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. ஷமீமாவே தன் துப்பட்டா நுனியால் ஒற்றி எடுத்தாள். ஜெபஸ்டினாவின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு அவர் மெல்ல இழுத்தார். அரிசியளவு உலோகத் துண்டு குழாயோடு வந்தது.

ஷமீமா நேற்றைய பாடத்தைப் போட்டாள். ஒரு ஜெர்மன்காரியின் குரல் கடை முழுக்கக் கணீரென்று கேட்டது. அந்தக் குரல் கேட்ட கேள்விக்கு ஜெபஸ்டினா அழுதுகொண்டே பதில் சொன்னாள்.

திருகுகளைப் பூட்டிக் கையில் கொடுத்ததும் ஜெபஸ்டினா படியிறங்கி ஓடினாள்.

“முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போயிராதீங்க!” ஷமீமா மேலிருந்து கத்தினாள். “முதல்ல இங்க வாங்க!”

மூன்று மணிக்கு அவள் வந்தாள், சிநேகிதியோடு. பரீட்சையை முழுசாக எழுதிவிட்டாளாம். அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். அவர்கள் ஆட்டோவில் ஏறும்வரை ஷமீமா கூடவே நின்றுவிட்டு வந்தாள்.

தவசிமுத்து நோட்டை விரித்து வைத்துக் காத்திருந்தார்.

“நான் எந்தக் கேள்வியை விட்டுட்டேன் டீச்சர்? சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.”

“நீங்க கேட்டதுக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு?”

“எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் சொல்லிச்சு.” கொஞ்சம் யோசித்தார். “தண்ணி பட்டுச்சான்னு கேட்டப்ப மட்டும், ‘இல்லை சார், நேத்து வந்து...’ன்னு என்னமோ இழுத்துது.”

“நேத்து வந்து?”

“அதுக்கு மேல சொல்லலை. நான் அடுத்ததைக் கேட்டுட்டேன்.”

ஷமீமா நோட்டை வாங்கி மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

“அந்தப் பிள்ளையோட சத்தம் அங்கதான் நின்னுருக்கு அண்ணாச்சி.”