நாற்பத்திரண்டு கேள்விகள்

“சாமி, அந்தப் பரிதியை வேற கிழமையில வரச் சொல்லுங்க. இல்லேன்னா என்னை வேற கிழமையில வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒரே கொட்டகையில இருக்க முடியாது.”

தையல்நாயகி இதைச் சொன்னபோது சங்கிலிச்சாமி பூசணிக்காயைப் பிளந்துகொண்டிருந்தார்.

“பாதியை நீங்க நறுக்குங்க அக்கா,” என்றார்.

தையல்நாயகிக்கு ஐம்பத்தொரு வயது. வட்டாரக் கல்வி அதிகாரி. அவள் வந்தால் தலைமை ஆசிரியர்கள் எழுந்து நிற்பார்கள். சங்கிலிச்சாமிக்கு நாற்பத்து மூன்று. ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். இப்போது மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஞாயிறுதோறும் மலையேறி வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறார்.

அவர் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. ஆனாலும் ஆறு வருடமாக அவள் அவரைச் சாமி என்கிறாள். அவர் அவளை அக்கா என்கிறார்.

பரிதியும் ஆறு வருடமாக வருகிறவன்தான். போன மாதம் வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர்கள்.

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்களுக்கு விதிமுறை கொண்டுவரலாமா என்று அரசாங்கம் கருத்துக் கேட்டது. வந்தது வினை.

கட்டாயம் வேண்டும் என்று எழுதியவள் தையல்நாயகி. பதிவு செய்ய வேண்டும், வருடம் ஒருமுறை அதிகாரி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைச் சோதிக்க வேண்டும் என்றாள். சோதிப்பதற்கு நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தையும் அவளே தயார் செய்தாள்.

கூடவே கூடாது என்று ஊர் ஊராகத் துண்டறிக்கை கொடுத்தவன் பரிதி. அவன் தன் மகளை வீட்டில் படிக்க வைக்கிறான்.

பூசணிக்காய் முடிவதற்குள் பரிதி வந்துவிட்டான். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

“வாங்க தம்பி. தேங்காய் துருவணும்,” என்றார் சாமி.

தேங்காய் மூடியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டான்.

“என் வீட்டு அடுப்படிக்குள்ள அரசாங்கத்துக்கு என்ன வேலைன்னு கேளுங்க சாமி.”

“பிள்ளை அடுப்படிக்குள்ள இருந்தா அரசாங்கமும் அங்கதான் வரணும் சாமி.”

“பள்ளிக்கூடத்துல என் பொண்ணு வாயடைச்சுப் போனப்ப எந்த அதிகாரி வந்து பார்த்தாங்க?”

தையல்நாயகி பூசணிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியும்.

பிறந்ததும் ஆசையாகத் தேன்மொழி என்று பெயர் வைத்தார்கள். பேச்சு வந்தபோது திக்குவாயும் சேர்ந்து வந்தது. வகுப்பில் பிள்ளைகள் திக்குமொழி என்று கூப்பிட்டார்கள். தினமும் எழுந்து நின்று சத்தமாக வாசித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார் ஓர் ஆசிரியை. மூன்று மாதம் நின்று வாசித்த பிறகு அந்தப் பிள்ளை வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டது. ஒரு வருடம் ஒரு சொல் இல்லை. பரிதி வேலையை விட்டுவிட்டு அவளை வீட்டில் வைத்துக்கொண்டான்.

“உங்க வீடு நல்ல வீடு பரிதி. எல்லா வீடும் உங்க வீடா?” என்றாள் தையல்நாயகி.

அவள் மனதிலும் ஒரு பிள்ளை இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில், பையன் வீட்டிலேயே படிக்கிறான் என்று தாய் சொன்னாள். தையல்நாயகி நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த வருடம் அவனை ஒரு நூல் ஆலையில் கண்டுபிடித்தார்கள். பென்சிலைப் பிடிக்கச் சொன்னபோது விரல் மடங்கவில்லை. அவள் போட்ட கையெழுத்து மட்டும் கோப்பில் அழகாக இருந்தது.

இருவரும் சாமியைப் பார்த்தார்கள்.

சாமி கத்தியைக் கழுவி வைத்தார்.

“அக்கா, அஞ்சு நாள் லீவு கிடைக்குமா?”

“கிடைக்கும். எதுக்கு?”

“தம்பி வீட்டுக்குப் போங்க. பாப்பாவுக்கு நீங்க பாடம் எடுங்க. தம்பி, பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க அக்கா ஆபீஸ்ல ஆள் தேடுறாங்களாமே? நீங்க அவங்க ஜீப்புல போங்க.”

“அவர் எதுக்கு என் ஜீப்புல…”

“இவங்க எதுக்கு என் வீட்டுல…”

“சாம்பாருக்கு உப்புப் போடலை,” என்று சொல்லிவிட்டு சாமி அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

*

திங்கட்கிழமை எட்டாம் நம்பர் டவுன் பஸ்ஸில் தையல்நாயகி பரிதியின் வீட்டுக்குப் போய் இறங்கினாள். கையில் படிவம்.

பதினொரு வயதுப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரட்டைச் சடை. அவளுடைய அம்மா அல்லி அரசு மருத்துவமனையில் நர்ஸ். மதியம்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

“ஒண்ணாம் கேள்வி,” என்று தொடங்கினாள் தையல்நாயகி.

படிவத்தின் தலைப்பில் அவளே எழுதியிருந்தாள்: முப்பது வினாடிக்குள் பதில் வராவிட்டால் ‘தெரியாது’ எனக் குறிக்கவும்.

தேன்மொழி வாயைத் திறந்தாள். உதடு துடித்தது. முப்பது வினாடி போனது. தெரியாது.

நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது தெரியாது. பெயர், வயது, அப்பா பெயர் மூன்று மட்டும் தெரிந்தது. அதையும் அல்லிதான் சொன்னாள்.

பிடி கிடைத்துவிட்டது என்று தையல்நாயகிக்கு உள்ளூரச் சந்தோஷம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அந்தச் சந்தோஷம் அவளுக்கே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கேள்வி கேட்கவில்லை. பாடம் நடத்தினாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, சுவரில் ஒட்டியிருந்த நீளமான காகிதத்தில் ஏதோ புள்ளி வைத்தாள்.

கவனம் சிதறுகிறது என்று குறித்துக்கொண்டாள் தையல்நாயகி.

புதன்கிழமை சாயங்காலம் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, தேன்மொழி அவள் சேலை முந்தானையைப் பிடித்தாள்.

“நா… நா…”

“நாற்காலியா? நாய் இருக்கா வெளியே?”

அன்று விடுப்பில் இருந்த அல்லி உள்ளேயிருந்து வந்தாள். “அவ சொல்லை நாம முடிச்சுக் கொடுக்கக் கூடாது மேடம். அவளே வந்து சேருவா.”

தையல்நாயகி பையைக் கீழே வைத்தாள். பஸ் வந்து நின்றது. போய்விட்டது. இருபத்தேழு வருட வேலையில் ஒரு பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு இவ்வளவு நேரம் நின்றதில்லை அவள்.

“நா…ளைக்கு நீ…ங்க ப…பதினோரு நிமிஷம் லே…ட்டா வருவீங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

தேன்மொழி சுவரைக் காட்டினாள்.

தையல்நாயகி முதல்முறையாக அந்தக் காகிதத்தின் பக்கத்தில் போய் நின்றாள். பதினான்கு மாதப் புள்ளிகள். எட்டாம் நம்பர் பஸ் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், மழை நாளில் எவ்வளவு, முகூர்த்த நாளில் எவ்வளவு. சந்தை கூடும் வியாழக்கிழமைக்குத் தனியாகச் சிவப்பு மை. அதற்கு ஒரு சராசரி.

படிவத்தில் பதினேழாவது கேள்வி: சராசரி காணத் தெரியுமா?

வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி மணியைப் பார்த்தாள். பதின்மூன்று நிமிடம் தாமதம். வாசலில் தேன்மொழி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“ரெ…ண்டு நிமிஷம் த…ப்பு.”

“தப்பில்லடி. பாலத்துக்கிட்ட மூணு ஆடு படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னுடுச்சு. கண்டக்டர் இறங்கிக் கும்பிட்டாரு.”

தேன்மொழி சிரித்தாள். சிரிப்புக்குத் திக்கல் இல்லை. தையல்நாயகியும் சிரித்தாள். ஓடிப்போய்க் காகிதத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஆடு வரைந்தாள் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை தையல்நாயகி படிவத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை அவள் ஜீப்பிலேயே கொட்டகைக்கு வந்தாள். அல்லிக்கு டூட்டி என்பதால் பரிதி மகளையும் அழைத்து வந்திருந்தான். தேன்மொழி ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பரிதியின் முகம் ஒரு வாரத்தில் வாடிப் போயிருந்தது. மரியாதைக்குக்கூட வணக்கம் சொல்லாமல் அவளிடம் நேராக வந்தான்.

“மேடம், விதி வேணும். வருஷத்துக்கு ஒரு தடவை பத்தாது. மாசாமாசம் போய்ப் பார்க்கணும்.”

“முடியாது!” என்றாள் தையல்நாயகி. “யாரோ ஒரு ஆள் மாசாமாசம் வந்து உங்க பொண்ணு முன்னாடி ஃபாரத்தை நீட்டுறதா? நான் விட மாட்டேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன ஆச்சு தம்பி?” என்று கேட்டார் சாமி.

பரிதி கீழே உட்கார்ந்தான்.

“ஒன்பது வீட்டுக்குப் போனேன் சாமி. முதல் வீட்டுல ஒரு பையன் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் புறாக் கூட்டைக் காட்டுனான். ரெண்டாவது வீட்டுல பாட்டுப் பாடிக் காட்டுனாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அஞ்சாவது வீட்டுக் கதவுல என்னோட துண்டறிக்கை ஒட்டியிருந்துச்சு.”

“நல்லதுதானே?”

“‘எங்கள் பிள்ளை, எங்கள் உரிமை’. நான் எழுதுனதுதான். அந்த வீட்டு ஆள் அதைக் காட்டி, ‘வீட்டுலதான் படிக்குதுங்க, நீங்க போகலாம்’னார். உள்ளே ரெண்டு பொண்ணுங்க. சின்னதுக்கு ஒன்பது வயசு. ஊதுபத்தி உருட்டுதுங்க. கை ரெண்டும் கரேல்னு இருக்கு. ‘உன் பேர் என்னம்மா’ன்னு கேட்டேன். அந்தக் குழந்தை பதில் சொல்றதுக்கு முன்னாடி அவ அப்பன் முகத்தைப் பார்த்துச்சு சாமி.”

மலையிலிருந்து இறங்கிய நாலு பேர் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். சாமி அவர்களுக்கு இலை போட்டுவிட்டு வந்தார்.

“அப்புறம்?”

“நான் போகலை. வாசல்லயே உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும். மறுநாளும் போனேன். அந்த ஆள் கத்துனார், அப்புறம் அழுதார், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ரெண்டு பொண்ணுங்களையும் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ச் சேர்த்தோம். சின்னவ பேரு வேணி.”

தையல்நாயகி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டில் அவள் உட்கார்ந்திருந்தது பத்து நிமிடம். அந்தப் பையன் யார் முகத்தைப் பார்த்தான் என்று அவள் கவனிக்கவே இல்லை.

“அதனாலதான் சொல்றேன்,” என்று குரலை உயர்த்தினான் பரிதி. “சட்டம் இறுக்கமா இருக்கணும்!”

“இறுக்குனா முதல்ல நசுங்கிப் போறது தேன்மொழிதான். முப்பத்தொன்பது ‘தெரியாது’ போட்டேன் நான்! இந்தக் கையால!”

“அதுக்காகக் கண்டுக்காம விட்டுடறதா?”

“விடச் சொன்னேனா? ஃபாரம் வேணாம்னேன்!”

“ஃபாரம் இல்லாம எந்த அதிகாரி போவார்?”

போன வாரத்தைவிடச் சத்தம் அதிகம். பந்தியில் இருந்தவர்கள் சோற்றைக் கையில் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். அவன் போன வாரம் அவள் பேசியதைப் பேசினான். அவள் போன வாரம் அவன் பேசியதைப் பேசினாள். சாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“சிரிக்காதீங்க சாமி,” என்றாள் தையல்நாயகி. “செவ்வாய்க்கிழமைக்குள்ள நான் அறிக்கை அனுப்பணும். நீங்களே சொல்லிடுங்க. விதி வேணுமா, வேணாமா?”

சாமி தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அக்கா, உங்க ஜீப்புல எத்தனை பேர் உட்காரலாம்?”

தையல்நாயகி யோசித்தாள். ஐந்து வருடமாக ஏறி இறங்கும் வண்டி. எண்ணிப் பார்த்ததில்லை.

தேன்மொழி அப்பாவின் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

“ஏ…”

தையல்நாயகி காத்திருந்தாள். பரிதி காத்திருந்தான். சாமி காத்திருந்தார். பந்தியில் ரசம் கேட்கக் கையைத் தூக்கிய ஆள்கூட அப்படியே இருந்தார்.

“ஏ… ஏ…ழு பேர்.”

“இத்தனை வருஷமா எத்தனை பேர் போனீங்க அக்கா?”

“நானும் டிரைவரும்.”

சாமி ரசவாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

தையல்நாயகி திரும்பிப் பரிதியைப் பார்த்தாள்.

அவன் ஜீப்பைப் பார்த்தபடி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.