பிந்தி வந்த சிரிப்பு

"என் எழுத்துல என்னதான் குறை டீச்சர்?" என்று கேட்டார் வேதநாயகம்.

கேட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊரில் பாதிக் கடைப் பலகைகளும் கல்யாணப் பத்திரிகைகளும் அவர் வரைந்த எழுத்தில்தான் இருந்தன. ஒவ்வொரு எழுத்தின் நுனியிலும் ஒரு வால் சுழித்துக்கொண்டு போகும். அந்த வாலைப் பார்த்தே இது இன்னார் எழுத்து என்று சொல்லிவிடுவார்கள்.

இப்போது ஐந்தாம் வகுப்பின் கதைப் புத்தகத்தை அச்சடிக்க எழுத்துரு வரைந்து கொடுக்க வந்திருந்தார். மரியபுஷ்பம் டீச்சருக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் இங்கே டீச்சர்தான் குரு. வேதநாயகத்துக்கு அது கொஞ்சம் கசந்தது.

"குறை சொல்லத் தெரியாது சார். பிரிசில்லா சிரிக்கணும். அவ்வளவுதான்."

பிரிசில்லாவுக்குப் பிறவியிலேயே பார்வை மங்கல். காகிதத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டுதான் படிப்பாள். வாயால் கதை சொன்னால் மட்டும், வகுப்பில் முதலில் சிரிப்பது அவள்தான்.

வேதநாயகம் போய், எழுத்தை இன்னும் பெரிதாக வரைந்து கொண்டுவந்தார். டீச்சர் அதில் ஒரு வேடிக்கைக் கதையை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாரும் மனதுக்குள் படித்தார்கள். வகுப்பே சிரித்தது. பிரிசில்லாவும் சிரித்தாள்.

"சிரிச்சுட்டாளே டீச்சர்."

"எப்போ சிரிச்சா?"

வேதநாயகம் அதைக் கவனித்திருக்கவில்லை.

மறுநாள் வேறு கதை. இந்த முறை அவர் பிரிசில்லாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு சிரித்தது. அவள் தாளிலிருந்து முகத்தைத் தூக்கினாள். சத்தம் வந்த பக்கம் காதைக் கொடுத்தாள். பிறகு சிரித்தாள். அவள் விரல் இன்னும் மேல் வரிகளிலேயே நின்றது.

"லேட்டுச் சிரிப்பு," என்று பின் பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள். அவளுக்கு வகுப்பு வைத்திருந்த பெயரே அதுதான். அவள் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வேதநாயகம் டீச்சரிடம் போனார்.

"நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

டீச்சர் பிரிசில்லாவின் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் கையால் காட்டினார்.

அந்தச் சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு அவர் பல நாள் உட்கார்ந்தார். எங்கே கண் தடுக்குகிறது என்று கேட்டால், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்பாள் அவள். மரியாதை தெரிந்த பிள்ளை.

ஒருநாள் வாயைத் திறந்தாள்.

"சார், இந்த வாலெல்லாம் அடுத்த எழுத்து மேல ஏறிக்குது. எது எழுத்து, எது வாலுன்னே தெரியல."

வேதநாயகம் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு வாலாக வெட்டினார். ஆசையாய் வளர்த்த மீசையைத் தானே மழிப்பதுபோல இருந்தது. மெலிந்த கோடுகளைத் தடிப்பாக்கினார். நெருங்கிய வளைவுகளைத் திறந்துவிட்டார். புள்ளியைப் பெரிதாக்கினார். எழுத்துக்கும் எழுத்துக்கும், வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டார்.

கடைசியில் மேஜைமேல் கிடந்தது யார் வேண்டுமானாலும் வரைந்திருக்கக்கூடிய எழுத்து. அதைப் பள்ளிக்கு எடுத்து வரவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

டீச்சர் அதை வாங்கிக்கொண்டார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன ஒரு கழுதையின் கதையை அதில் அச்சடித்தார்.

தாள்கள் கைக்குக் கை போயின. வகுப்பு அமைதியானது.

சற்று நேரத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. ஒற்றைச் சிரிப்பு.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பின் பெஞ்சும் பார்த்தது. பிரிசில்லா யாரையும் பார்க்கவில்லை. தாள் அவள் மூக்கைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தது.

மற்றவர்கள் அவசர அவசரமாகப் படித்தார்கள். ஒவ்வொருவராக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள்.

வேதநாயகம் எழுந்தே விட்டார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், எழுத்து..."

டீச்சர் உதட்டில் விரலை வைத்து, பிரிசில்லாவைக் காட்டினார்.

"இதுக்கே இப்படிச் சிரிச்சா எப்படி?" என்றாள் பிரிசில்லா, திருப்பிய பக்கத்திலிருந்து முகத்தை எடுக்காமலே. "இங்க கழுதை பந்தியில உக்காந்துட்டு இருக்கு. சீக்கிரம் வாங்க."