இறக்கத்து வளைவு

"வண்டி நிலையா நிக்க மாட்டீங்குது அம்மிணி," என்றார் சென்னியப்பன்.

ஹெட்போனின் அந்தப் பக்கத்தில் ஜுலைகா கேட்டுக்கொண்டிருந்தாள்.

எந்த வண்டி என்று நீங்கள் கேட்கலாம். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ரேஸ் வண்டிதான்.

கோயம்புத்தூரில் சென்னியப்பனின் கிரைண்டர் கடைக்குப் பின்னால் ஒரு குடோன் உண்டு. அங்கே ஒரு திரை, ஒரு சீட், மேசையோடு சேர்த்து முடுக்கிய ஸ்டியரிங், காலடியில் பெடல்கள். மதியம் கடையைச் சாத்திவிட்டு அதில் போய் உட்கார்ந்தால், அவர் எங்கோ ஒரு மலைச்சரிவில் ரேஸ் தடத்தில் இருப்பார்.

சுற்றிலும் கிரைண்டர் கற்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். யாரோ குந்தி உட்கார்ந்து பார்ப்பதுபோல இருக்கும்.

அவர் ஓட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை லீக்கில். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. குரல் தெரியும், வண்டியின் நிறம் தெரியும், அவ்வளவுதான்.

ஜுலைகா காயல்பட்டினத்துப் பெண் என்று சொல்வார்கள். வயதில் அவருக்கு மகள்மாதிரி. யாருடைய வண்டியாவது அடங்காமல் போனால் அவளிடம்தான் போவார்கள். டயரில் காற்று எவ்வளவு, ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், பின்னால் வண்டியைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கிற விங் என்கிற பலகை எவ்வளவு நிமிர்ந்து நிற்கவேண்டும், எல்லாவற்றையும் அவள் மாற்றிக் கொடுப்பாள். அதற்குப் பெயர் செட்டப்.

அவள் ஒருநாளும் கேமராவைப் போட்டதில்லை. பேசாமல் இருக்கும்போது அவள் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வராது. மின்விசிறி ஓடாது. காக்கா கத்தாது. மூச்சுக்கூடக் கேட்காது.

அது ஆளே இல்லை, யாரோ எழுதிவைத்த புரோகிராம் என்று மார்த்தாண்டத்து ஃபெபின் சொல்லிச் சிரிப்பான். செட்டப்புக்கு அவனும் அவளிடம்தான் போனான்.

சென்னியப்பன் தன் கஷ்டத்தைச் சொன்னார். தடத்தில் ஓர் இறக்கம் வருகிறது. இறக்கத்தின் பாதியில் வலதுபக்க வளைவு. அங்கே வண்டியின் பின்பக்கம் விலகி, சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. போன ரேஸில் அப்படிச் சுற்றியபோது ஃபெபினின் வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்துவிட்டார். அவன் அப்போது புள்ளியில் முதலிடத்தில் இருந்தவன். இன்னும் ஒருவருடைய ரேஸ் உங்களால் கெட்டால் லீக்கை விட்டு எடுத்துவிடுவோம் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"எடுத்தா எடுக்கட்டும் அண்ணே. வேற லீக் இல்லையா?"

அவர் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் சொன்னார்.

ஒருநாள் அவிநாசி ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டு போகையில் நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது கார் ரோட்டோரமாக, புளியமரத்து நிழலில் ஒழுங்காக நின்றிருந்தது. ஒரு கீறல் இல்லை. இன்ஜின் அணைந்திருந்தது. இண்டிகேட்டர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அதை யார் போட்டது என்று அவருக்குத் தெரியாது.

டாக்டர் இனி ஓட்டவே கூடாது என்றார். காரை விற்றார்கள். இப்போது வீட்டம்மாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துதான் கடைக்கு வருகிறார். வேறு லீக்குகளில் டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேட்கிறார்களோ என்னவோ என்ற பயத்தில் அவர் எங்கும் விசாரித்ததுகூட இல்லை.

"எனக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ஒரு ஸ்டியரிங்குதானுங்க அம்மிணி."

ஜுலைகா செட்டப்பை அனுப்பச் சொன்னாள்.

அனுப்பினார். அதில் அவர் கை வைக்காத இடமே இல்லை. பின் விங்கைக் கதவுமாதிரி நிமிர்த்தி வைத்திருந்தார். முன்பக்க ஸ்பிரிங்கை இரும்பாக இறுக்கியிருந்தார். நேரான பாதையில் வண்டி சேற்றில் போகிற மாட்டைப்போல ஊர்ந்தது. வளைவில் அப்போதும் சுற்றியது.

அவள் ஒரு செட்டப்பைத் திருப்பி அனுப்பினாள். திறந்து பார்த்தார். எதுவும் மாற்றாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற செட்டப்.

தப்பாக வேறு எதையோ அனுப்பிவிட்டீர்கள் என்றார்.

"ஓட்டுங்க," என்றாள்.

ஓட்டினார். இறக்கத்தில் வண்டி சுற்றியது. இன்னும் கொஞ்சம் விங் வைக்கலாமா என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி ஓட்டினார். மறுபடி சுற்றியது. பின் டயரில் காற்றைக் குறைக்கலாமா என்றார். அதற்கும் பதில் இல்லை. அவள் பக்கத்தில் அந்தச் சத்தமில்லாத சத்தம் மட்டும்.

மறுநாள் மதியமும் இதுவேதான். அதற்கு அடுத்த நாளும்.

ஒருநாள் அவள் கேட்டாள்.

"கையில என்ன போட்டிருக்கீங்க அண்ணே?"

"கிளவுசுங்க."

"கழட்டிட்டுப் பாருங்க."

கழற்றினார். இரண்டு உள்ளங்கையிலும் ஸ்டியரிங்கின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. அதன் உறையில் தையல் போட்ட இடம்கூடத் தெரிந்தது.

"யாரை அப்படி அமுக்கிப் பிடிச்சிருக்கீங்க?"

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அவள் சொன்னாள்: "இறக்கத்துல வண்டி விலகுறப்ப கையை எடுத்துடுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையை எடுத்தால் வண்டி சுவருக்குப் போகும் என்றார். கையை வைத்திருந்தபோது எங்கே போனது என்று கேட்டாள்.

எடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எடுக்க முடியவில்லை. வளைவு வந்ததும் விரல்கள் தாமாகவே இறுகின. வண்டி சுற்றியது. வாயால் சரி சரி என்கிறார், விரல் கேட்கமாட்டேன் என்கிறது. கோயில் பொங்கலுக்கு வந்த கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்திருக்கிறவர்மாதிரி பிடித்திருந்தார்.

ஜுலைகா திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவர் திரும்பத் திரும்பச் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய மதியம். ஷட்டர் இடுக்கில் ஒரு கோடு வெயில். வண்டி இறக்கத்தில் இறங்கியது, பின்பக்கம் விலகியது, அவர் விரல்கள் விட்டுவிட்டன. ஏன் அன்றைக்கு விட்டன என்று அவருக்கே தெரியாது.

கை இரண்டும் அந்தரத்தில் நின்றன.

ஸ்டியரிங் இடதுபக்கம் சுழன்றது. ஒரு கணம் நடுங்கியது. அப்புறம் அவசரமே இல்லாமல் வலதுக்கு வந்து, நடுவில் நின்றது.

வண்டி நேராகப் போனது.

ஸ்டியரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது, டயர் உணர்கிற இழுப்பைக் கைக்குக் கொண்டுவருவதற்காக. இது அந்த லீக்கில் எல்லோருக்கும் தெரியும். சென்னியப்பனுக்கும் தெரியும். ஆனால் அன்று அவர் பார்த்தது மோட்டாரை அல்ல. அவர் மடியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கனமில்லாமல் உட்கார்ந்து, வேலை தெரிந்தவராக, வண்டியை வளைவைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

பிரேக்கை மிதித்து நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றினார். குடோன் அமைதியாக இருந்தது. கற்கள் இருந்த இடத்தில் இருந்தன. எழுந்து போய் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினார்.

"யாரோ ஓட்டுனாங்க அம்மிணி."

"ஆமா."

"யாருங்க?"

"இத்தனை நாளா நீங்க ஓட்ட விடாம வச்சிருந்தவங்க."

அவர் சீட்டில் பின்னுக்கு நகர்ந்தார். வேண்டாம், பழையபடி விங்கையே நிமிர்த்திக்கொள்கிறேன் என்றார். உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம் என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"ரேஸ்ல எப்பக் கையை எடுக்கோணும், எப்பத் திருப்பி வெக்கோணும்?"

"எடுக்கிறது உங்க வேலை."

"வெக்கறது?"

அவள் போய்விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ். வண்டிகள் வரிசையில் நின்றன. ஃபெபினின் குரல் எல்லோர் காதிலும் கேட்டது.

"மக்கா, சென்னியப்பண்ணன் வாறாரு. இன்ஷூரன்ஸ் உள்ளவன் மட்டும் பக்கத்துல போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். கிளவுஸ் போடவில்லை. வண்டியில் கம்பெனி செட்டப்தான் இருந்தது.

பாதி ரேஸ் வரைக்கும் அவர் யாருக்கும் பக்கத்தில் போகாமல் ஒதுங்கியே ஓட்டினார். போன ரேஸில் சுவரில் மோதியதால் இந்த முறை கடைசி வரிசையில் கிளம்பியிருந்த ஃபெபின் ஒவ்வொருவராகத் தாண்டி வந்துகொண்டிருந்தான். அடுத்த சில சுற்றுகளில் சென்னியப்பனைப் பிடித்துவிட்டான். இறக்கத்துக்கு இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்திலாக வந்தன. ஒதுங்க இடமில்லை. ஒருபக்கம் சுவர், ஒருபக்கம் ஃபெபின்.

பின்பக்கம் விலகியது.

அவருக்கு எல்லாமே ஒரே சமயத்தில் தெரிந்தது. சுவர், ஃபெபினின் மஞ்சள் வண்டி, அதற்குப் பிறகு இந்த சீட் காலியாகக் கிடப்பது, துணி போட்டு மூடிய ஸ்டியரிங், சுற்றிலும் கற்கள்.

கையை எடுத்தார்.

ஸ்டியரிங் சுழன்றது. நடுங்கியது. நின்றது. இரண்டு வண்டியும் ஒட்டியும் ஒட்டாமலும் இறக்கத்தின் அடிவரைக்கும் போயின. ஃபெபின் முன்னால் போனான்.

"தேங்க்ஸ் அண்ணே," என்றான். குரலில் கேலி இல்லை.

அதற்குப் பிறகு ரேஸ் முடிகிறவரை யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஃபெபின் ஜெயித்தான். சென்னியப்பனின் வண்டியும் கோட்டைத் தாண்டியது. நடத்துகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லி, உங்கள்மேல் புகார் எதுவும் இல்லை, அடுத்த வாரம் வந்துவிடுங்கள் என்றார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காலில் பெடலின் அதிர்வு மட்டும் இருந்தது. இத்தனை நாள் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போயிருந்தது.

ஜுலைகாவைக் கூப்பிட்டார். இறக்கத்தில் நடந்ததைச் சொன்னார். கையை எடுத்தேன், அது பிடித்துக்கொண்டது, ஒரு சொட்டு பயம் இல்லை என்றார்.

"பாத்துட்டுத்தான் இருந்தேன்," என்றாள் அவள். "நல்லா இருந்துச்சு."

"அம்புட்டும் உங்களாலதானுங்க."

"திரும்ப எப்ப அண்ணே கையை வச்சீங்க?"

சொல்ல வாயெடுத்தார். யோசித்தார். கண்ணைத் திறந்து கீழே பார்த்தார்.

இரண்டு கையும் மடியில் கிடந்தன.

திரையில் வண்டி, ரேஸ் முடிந்த தடத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஓர் இடது வளைவு வந்தது.

ஸ்டியரிங் திரும்பியது.