ஒட்டுப் போடாத குளம்பு

மாடும் கழுதையும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எந்தப் பிராணிக்கும் காலில் குளம்பு கிடையாது. காளையின் கால் என்றால் வெறும் சதைதான், நம் உள்ளங்கால் மாதிரி. புல்லில் நடக்க அது போதும். பாடுபட்டு வேலை செய்ய அது போதாது. அன்றைக்கெல்லாம் யாரும் பெரிதாகப் பாடுபடவில்லை, ஆகவே யாருக்கும் அது உறைக்கவும் இல்லை.

கருமாங்குளம் உடைந்தபோதுதான் உறைத்தது. ஓர் ஐப்பசியில் விடாமல் அடித்த மழையில் குளத்தங்கரை நடுவில் அறுத்துக்கொண்டு, இருந்த தண்ணீரெல்லாம் ஒரே நாளில் ஓடிப்போனது. பின்னால் வந்த கோடையைப் பிராணிகள் எப்படித் தள்ளின என்று விவரமாகச் சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தொண்டை வறண்டுவிடும். பிறந்த குட்டிகளில் பாதி பிழைக்கவில்லை. அடுத்த மழைக்குள் கரையைக் கல் வைத்துக் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஊரை விட்டே போய்விட வேண்டியதுதான் என்று எல்லாரும் கூடிப் பேசினார்கள். கல் பக்கத்துச் சின்னக் குன்றின், அந்தக் கரட்டின், உச்சியில் கிடந்தது. ஒவ்வொன்றும் ஒரு குடிசை அளவு. அதை யார் இழுத்து வருவது என்று பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் மயிலை மேலும் செவலை மேலும் போய் நின்றது.

இரண்டும் புல், விறகு என்று சில்லறைச் சுமை இழுத்து ஒரே நுகத்தடியில் பழகிய காளைகள். மயிலை சாம்பல் நிறம், லட்சணமானவன், அது அவனுக்கும் நன்றாகத் தெரியும். குட்டையில் தண்ணீர் குடிக்கப் போனால் குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே நிற்பான். நடக்கும்போது மட்டும் தலை தாழாது, நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடி இருக்கும். செவலை ஆள் பெருத்தவன், பேச்சு குறைவு, தலையைத் தொங்கப்போட்டு நடக்கிறவன். குணம் இரண்டு திசையில் இருந்தாலும் ஒருவன் இல்லாமல் இன்னொருவனுக்குப் புல் இறங்காது. மயிலைக்குச் செவலை மேல் இருந்த பிரியத்தில் துளியும் பொய்யில்லை. அதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது, பிறகு நடந்ததைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

குரங்குகள் கல்லில் வடக்கயிறு கட்டிக் கொடுத்தன. காளைகள் இழுத்தன. கழுதை சின்னக் கற்களை முதுகில் சுமந்தது. ஒரு வாரம் போவதற்குள் மூவருக்கும் கால் புண்ணாகிவிட்டது. கரட்டில் கிடந்த சரளைக்கல் ஒவ்வொன்றும் உள்ளே இறங்கி வெளியே வந்தது. கரை வேலை நின்றுபோகும் என்ற நிலையில், குளத்தில் குடியிருந்த ஆமைதான் ஒரு வழி சொன்னது. மான்கள் கழற்றிப் போட்ட கொம்பையும் பழைய ஆமையோட்டையும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, காலுக்குச் செருப்பு செய்து தருகிறேன் என்றது. கூலி எதுவும் வேண்டாம், குளம் நிறைந்தால் போதும் என்றும் சொன்னது.

ஆனால் ஆமையிடம் ஒரு நிபந்தனை உண்டு. அளவு கொடுக்க யாராக இருந்தாலும் வேலை முடித்து, கால் கழுவாமல், சாயங்காலம்தான் வர வேண்டும். அவரவர் காலுக்கு அவரவர்தான் வர வேண்டும்.

"காலைல இருக்கற காலு வேற, பாடுபட்டுப் போட்டுப் பொழுதோட வர்ற காலு வேற" என்று எல்லாரிடமும் சொன்னது. "பாடுபட்ட காலு வீங்கியிருக்கும். செருப்புப் போடப்போறது அந்தக் காலுதான். அதுக்குத்தான் நான் அளவெடுப்பேன்."

முதலில் போனது கழுதை. மேலெல்லாம் புழுதி, நாக்கு வெளியே தள்ளியிருக்க, நொண்டிக்கொண்டே போனது. திரும்பி வந்தபோது அதன் காலில் தடியாக, உருண்டையாக, மெருகு எதுவும் இல்லாமல் ஒரே துண்டில் வார்த்த செருப்பு இருந்தது. அதைப் பார்த்து மயிலையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்புக்கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டீர்களே அண்ணா என்று கேலி செய்தான். கழுதைக்குக் கோபமே வரவில்லை. பார்க்க எப்படியோ இருக்கட்டும், காலில் ஏதோ போட்டிருக்கிறோம் என்பதே தெரியவில்லை என்றது. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னது. ஆமை தொழில் பழகிய புதிதில் செய்த கறுப்புச் செருப்புகள் கொஞ்சம் அங்கே மாட்டியிருக்கின்றனவாம். கண்ணாடி மாதிரி மின்னுகின்றனவாம். இரண்டு பாதியாகச் செய்து நடுவில் தைத்ததாம், மெல்லிசாம், வேலைக்கு ஆகாது என்று ஆமையே ஒதுக்கி வைத்திருக்கிறதாம்.

மயிலையின் காதில் மின்னுகிறது என்பதுவரைதான் விழுந்தது.

இரவெல்லாம் அதே நினைப்பு. சாயங்காலம் வரை பொறுத்தால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? அதுவும் போக, வீங்கிய காலும் ஒழுகும் மூக்குமாய் நாலு பேர் பார்க்க ஆமைக்கு முன்னால் போய் நிற்பதா? விடிந்ததும் செவலையிடம், நான் போய் நம் இரண்டு பேருக்கும் சேர்த்தே வாங்கி வந்துவிடுகிறேன், நீ அதுவரை வேலையைப் பார் என்றான். செவலை சரி என்றான். மயிலை சொன்ன எதற்குத்தான் அவன் சரி சொல்லாமல் இருந்தான்? அன்று காலை நுகத்தடியின் ஒரு முனை வெறுமையாய்த் தொங்க, இரண்டு பேர் இழுக்கும் கல்லை ஒற்றை ஆளாய் இழுத்தான்.

மயிலை ஓடைத் தண்ணீரில் காலைக் கழுவி, பனி காய்வதற்குள் போய் நின்றான். ஆமைக்கு அவனைப் பார்த்ததுமே முகம் சுளித்துப்போனது. சாயங்காலம் பொழுதோடு வா என்று திரும்பிக்கொண்டது. மயிலை விடவில்லை. சாயங்காலம்வரை கல் இழுப்பதால் வர முடியாது என்றான், மழை நெருங்குகிறது என்றான், கரை முடியாவிட்டால் உங்களுக்குத்தானே கஷ்டம் என்றான். சோடி எங்கே என்று ஆமை கேட்டதற்கு, காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று வாய் கூசாமல் பொய் சொன்னான். இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான், நான் போட்டுப் பார்த்தால் அவன் போட்டுப் பார்த்த மாதிரி என்றான்.

ஆமை கழுத்தை நீட்டி அவன் கழுவிய காலைப் பார்த்தது.

"உன்ற சோடியோட காலை நீ பாத்திருக்கறயா?"

"பாக்காம இருப்பனுங்களா?" என்றான் மயிலை.

உண்மையில் அவன் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் ஒரே நுகத்தடியில் தோளோடு தோள் உரசி நடந்திருக்கிறான். செவலையின் மூச்சு தெரியும், வாசம் தெரியும், தூக்கத்தில் எப்போது பெருமூச்சு விடுவான் என்று தெரியும். கால் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. நிமிர்ந்த தலைக்குப் பக்கத்தில் இருப்பவன் கால் எப்படித் தெரியும்?

ஆமை அரைமனதாய்க் கறுப்புச் செருப்புகளை எடுத்துக் கொடுத்தது. கழுவிய காலில், காலைக் குளிரில், அச்செடுத்தது போலப் பொருந்தின. மயிலை குனிந்து பார்த்துக்கொண்டான், திரும்பி நின்று பார்த்துக்கொண்டான். ஆமை அதோடு விடாமல், ஒவ்வொரு செருப்புக்கும் இரண்டு சின்ன ஒட்டுத் துண்டு எடுத்து, தொலைந்துவிடாதபடி கணுக்காலுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னது.

"இறுக்கிப் புடிச்சா அன்னைக்கே ரெண்டு பேரும் வந்துருங்க. நடுத் தையலைப் பிரிச்சு, இந்த ஒட்டை வெச்சு அகலமாத் தெச்சுத் தாரேன். சித்த நேர வேலைதான். தானாப் பிரிய உட்டுறாதீங்க. அப்புறம் காலுக்கு ஆகற சேதத்துக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு மயிலை மின்னிக்கொண்டே வந்தான்.

செவலைக்குப் போட்டுவிடும்போதே குரங்குகளுக்குச் சங்கதி தெரிந்துபோனது. அவன் கால் அகலம். போதாததற்கு ஒற்றை ஆளாய் இழுத்த களைப்பில் இன்னும் வீங்கியிருந்தது. குரங்குகள் இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தித்தான் செருப்பை ஏற்ற வேண்டியிருந்தது. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்த மயிலை, எப்படி இருக்கிறது என்று கேட்டான். செவலை காலை மாற்றி மாற்றி ஊன்றிப் பார்த்தான்.

"புதுசுன்னாக் கடிக்கத்தான் செய்யும். நீ போயி வாங்கியாந்தது. நல்லாத்தான் இருக்குது மாப்ள."

அன்றே ஆமையிடம் போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் போனால் ஆமை, உனக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று செவலையைக் கேட்கும். செவலை, எனக்கு எங்கே காய்ச்சல் என்பான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து மயிலை, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டான். செவலை நொண்டுவது அவன் தோளுக்குத் தெரிந்தது, நுகத்தடி வழியாக ஒவ்வொரு அடியும் தெரிந்தது. நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் செருப்பும் சாயங்காலமானால் இறுக்கியது. அந்த வலியை வெளியே காட்டாமல் இருந்தால் போதும், பொய்யும் வெளியே வராது என்று நினைத்தான்.

ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் கறுத்து வந்த ஒரு நாள், கரைக்கு நடுவில் வைக்கும் ஆணிக்கல் ஒன்றுதான் பாக்கி. இருப்பதில் பெரியது. அதைக் கரட்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது சரிவின் பாதியில் தூறல் பிடித்தது. பாறை வழுக்கியது. இறக்கத்தில் கல்லை இழுக்க வேண்டாம், அது நம் மேல் ஏறாமல் காலை ஊன்றித் தாங்கிப் பிடித்தால் போதும். காளை வேலையிலேயே கஷ்டமான வேலை அது. அதற்குக் கால் வேண்டும்.

செவலை ஊன்றிய இடத்தில் செருப்பின் நடுத் தையல் பட்டென்று விட்டுப்போனது. ஒன்று போனதும் மற்றதும் போனது. செருப்பு விரிந்ததோடு, அழுத்தம் தாங்காமல் உள்ளே இருந்த சதையும் பிளந்துகொண்டது. சரிந்தான். நுகத்தடி முறிந்து, மயிலை ஒரு பக்கமாய்த் தெறித்து விழுந்தான். கல் செவலை இருந்த பக்கமாகப் போய் அவன் மேல் ஏறி நின்றது.

மயிலை எழுந்து ஓடி முட்டினான். நாலு காலையும் ஊன்றி, கல்லைத் தலையால் தள்ளிப் பார்த்தான். அந்த முட்டலில் அவன் செருப்பும் நாலும் நடுவில் பிளந்துபோயின. கல் அசையவில்லை. அப்போதுதான், தலையைத் தரையோடு வைத்துத் தள்ளும்போதுதான், செவலையின் காலை அவன் முதல் முதலாகப் பார்த்தான். எவ்வளவு அகலமான கால். அதைச் சுற்றி ரத்தம் காய்ந்து, அதன் மேல் மறுபடி ரத்தம் வந்து, அதுவும் காய்ந்து, பல நாள் புண்ணாயிருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று மயிலை நினைத்தான். காலையில் போனது, காய்ச்சல் என்று சொன்னது, எல்லாம். ஆனால் செவலைதான் பேசினான்.

"மாப்ள, உன்ற எடது முன்னங்காலு எப்பவும் உள்ளுக்குச் சாயும். கரட்டுல எறங்கறப்ப பாத்து வெய்யி. நான்தான் பாத்துப் பாத்து அந்தப் பக்கம் அணைச்சுக் குடுத்துட்டு வந்தேன். இனி நீதான் பாத்துக்கோணும்."

அதற்கு மேல் அவன் பேசவில்லை. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஆணிக்கல் வைக்க வேண்டிய இடத்தை, கழுதை விடிய விடியச் சின்னக் கற்களைச் சுமந்து வந்து அடைத்தது. அதன் அடுப்புக்கல் செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கரை நின்றது, குளம் நிறைந்தது, பிராணிகள் வயிறாரத் தண்ணீர் குடித்தன. மயிலை மட்டும் அந்தக் குளத்தில் முகம் பார்க்கவில்லை.

பிளந்த செருப்பைத் தைத்துக்கொண்டு வா என்று எல்லாரும் சொன்னார்கள். ஒட்டுத் துண்டுகள் கணுக்காலுக்குப் பின்னால் கட்டியபடியே இருந்தன. மயிலை ஒரு சாயங்காலம், வேலை முடித்த காலோடு, ஆமையின் இடத்துக்குப் போனான். ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்து, உன் சோடி எங்கே என்று கேட்டது. பழக்கத்தில் கேட்ட கேள்விதான். மயிலை வந்த வழியே திரும்பிவிட்டான். பிறகு போகவே இல்லை. தைத்துக்கொண்டால் செவலைக்குத் தைக்காதது நினைவுக்கு வரும். தைக்காவிட்டாலும் வந்துகொண்டுதான் இருந்தது.

யாராவது எதிரே வந்தால் முன்னங்கால்களை மடித்து நெஞ்சுக்கு அடியில் மறைத்துக்கொண்டு படுத்துவிடுவான். செருப்பு நாளாக நாளாகக் காலோடு ஒட்டிக் குளம்பாகிவிட்டது. அவன் வழியில் வந்த கன்றுகளெல்லாம் அந்தப் பிளவோடு, பின்னால் தொங்கும் அந்த இரண்டு துண்டோடு பிறந்தன. ஆட்டுக்கும் மானுக்கும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பெரிய காளையே அப்படி நடக்கிறது, அதுதான் நாகரிகம் போல என்று நினைத்து, ஆமையிடம் வாங்கிய செருப்பைத் தாங்களே பிளந்துகொண்ட கூட்டம் அது. பாவம், அவற்றுக்கு என்ன தெரியும்?

மாடு படுத்திருப்பதைப் பார்த்தால் தெரியும், முன்னங்கால் வெளியே இருக்காது. எழுப்பி, கணுக்காலுக்குப் பின்னால் தடவிப் பார்த்தால், தைக்காமல் விட்ட அந்த இரண்டு ஒட்டும் கைக்குத் தட்டுப்படும். இன்னொன்றும் உண்டு. நுகத்தில் பூட்டியதும் காளை உடனே கிளம்பாது. தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒரு முறை பார்க்கும். சண்டி என்று நாம் வாலை முறுக்குகிறோம். அது பக்கத்தில் நிற்பவன் காலைப் பார்த்துவிட்டுத்தான் முதல் அடி வைக்கிறது, செவலை போன அன்று முதல்.