விலகாத முழங்கை

"நீங்க கொடுத்த தீர்ப்பு தப்பு, மேடம்."

தபால் அலுவலகக் கவுன்ட்டரின் முன்னால் நின்று குணசீலன் இதைச் சொன்னார்.

உள்ளே இருந்த பிரிசில்லா தலையை நிமிர்த்தவில்லை. வார நாட்களில் அவருக்கு இந்தக் கவுன்ட்டர். விடுமுறை நாட்களில் சாஃப்ட்பால் அம்பயர்.

"ஸ்பீட் போஸ்ட்டா சார்?"

"இல்ல. தப்புன்னு சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்."

குணசீலன் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டர். பிரிசில்லாவைவிட வயதில் ரொம்ப மூத்தவர். போன வாரம் மாவட்ட அரையிறுதியில் அவருடைய அணி தோற்றுப்போயிருந்தது. கடைசி இன்னிங்ஸ். மூன்று பேஸிலும் ஆள். ஒரு ரன் வந்தால் சமன். மட்டை பிடித்து நின்ற முகிலரசியின் முழங்கையில் பந்து பட்டது. பந்து பட்டவளுக்கு ஃபர்ஸ்ட் பேஸ் சும்மா கிடைக்கும். மற்றவர்கள் ஒவ்வொரு பேஸ் முன்னால் நகர, தேர்ட் பேஸில் நிற்பவள் நடந்தே ஹோம் பேஸ் சேர்ந்து அந்த ஒரு ரன்னை எடுத்துவிடலாம்.

ஆனால் பிரிசில்லா கையைத் தூக்கி, "பேட்டர் விலகப் பார்க்கல. இங்கயே நில்லு" என்றுவிட்டார்.

அடுத்த பந்தில் முகில் அவுட்; அதுதான் மூன்றாவது, கடைசி அவுட். ஆட்டம் போச்சு.

"அவளுக்கு விலக நேரமே இல்ல மேடம். பந்து என்ன வேகத்துல வந்துச்சு தெரியுமா?"

"தெரியும். நான் கேட்சருக்கு நேர் பின்னாடிதான் நின்னேன்."

குணசீலனுக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"சரி, எனக்கு ரூலை ஒழுங்கா சொல்லிக் கொடுங்க. அடுத்த தடவை உங்ககிட்ட முறையா சண்டை போடணும்."

பிரிசில்லா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில கிரவுண்டுக்கு வாங்க."

போனார். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் போனார்.

பந்து சட்டையின் கையில் உரசினாலும் பட்டதுதான். தரையில் குத்தி வந்து பட்டாலும் பட்டதுதான். மட்டையைப் பிடித்த கை மட்டையில் சேராது, உடம்பில்தான் சேரும். மட்டையை வீசிவிட்டால், பந்து பட்டாலும் பேஸ் கிடையாது, ஸ்ட்ரைக்தான்.

இத்தனை வருஷம் கத்தியதெல்லாம் பாதி ரூலை வைத்துக்கொண்டு என்று தெரிந்ததில் அவருக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. காய்கறி வாங்கும்போதுகூட ரூலை முணுமுணுத்தார். சண்டை போட வந்த நினைப்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் கேட்டார்.

"ரூல் எல்லாம் வந்துடுச்சு மேடம். ஆனா ஒருத்தி விலகப் பார்த்தாளா, பார்க்கலையா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பிரிசில்லா தன் அம்பயர் முகக்கவசத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"அடுத்த வாரம் உங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. இங்க விளையாட வர்ற பொண்ணுங்களோட ஒரு பிராக்டிஸ் மேட்ச் வைப்போம். அம்பயர் நீங்க."

"எங்க டீமுக்கு நானேவா? யாராவது ஏதாவது சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

அடுத்த ஞாயிறு அந்தக் கவசத்தைப் போட்டபோது அடுத்தவர் வியர்வை நாறியது. கம்பிகளுக்கு நடுவே உலகம் ஒடுங்கித் தெரிந்தது. கேட்சருக்குப் பின்னால் குனிந்து நின்று, "ஸ்ட்ரைக்!" என்று முதல் தடவை கத்தியபோது குணசீலனுக்குத் தன் குரல் பிடித்திருந்தது. இளவெயில். செம்மண். வேலியோர நிழலில் பிரிசில்லா அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

முகிலரசி மட்டையோடு வந்து நின்றாள்.

எதிரணிப் பெண்ணின் கை ஒரு சுற்றுச் சுற்றியது. பந்து புறப்பட்டது. உள்பக்கமாக, முகிலை நோக்கி.

கோச் நிற்கும் இடத்திலிருந்து அவர் எப்போதும் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறார். இங்கிருந்து எல்லாம் தெரிந்தது. பந்து கையை விட்ட கணமே அவள் பார்த்துவிட்டாள். விலகக் குதிகால் எழும்பியது. பிறகு திரும்பக் கீழே இறங்கியது.

முழங்கை மட்டும் லேசாக வெளியே வந்தது.

டப்பென்று பட்டது.

அவருடைய பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். முகில் மட்டையைப் போட்டுவிட்டு ஃபர்ஸ்ட் பேஸைப் பார்த்து ஓடினாள்.

குணசீலன் கையைத் தூக்கினார்.

"டெட் பால். பேட்டர் விலகப் பார்க்கல. முகில், திரும்பி வா."

கூச்சல் அப்படியே நின்றது.

"சார், நம்ம முகில் சார்!" என்றாள் ஒருத்தி. அவருக்கு அடையாளம் தெரியவில்லையோ என்று நினைத்துவிட்டாள் போல.

அவர் கவசத்தைக் கழற்றினார். திரும்பி வந்தவளின் முழங்கை சிவந்திருந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம் சார்."

"பந்து வர்றது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் விலகல?"

இதென்ன கேள்வி என்பதுபோல முகில் அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான சார் விலகாதன்னு சொன்னீங்க."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்துவிட்ட பிள்ளையின் பெருமை அதில் இருந்தது.

சொன்னார்தான். ஒவ்வொரு சாயங்காலப் பயிற்சியிலும் தவறாமல் சொன்னார். பந்து உள்ள வந்தா விலகாதீங்க, பட்டா பேஸ் சும்மா கிடைக்கும். சொல்லிச் சொல்லி அது அவர் காதிலேயே விழாமல் போயிருந்தது.

குணசீலன் வேலியோரம் திரும்பிப் பார்த்தார். பிரிசில்லா கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குணசீலனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பேஸும் போய், மாஸ்டரும் சிரிக்கிறாரே என்று பிள்ளைகள் விழித்தார்கள்.

குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கி முகிலுடைய முழங்கையில் வைத்துப் பிடித்தார். வலி அடங்கும்வரை ஆட்டம் காத்திருந்தது.

"இனிமே உள்ள வந்தா விலகு."

"அப்ப ஃபர்ஸ்ட் பேஸ் சார்?"

கீழே கிடந்த மட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அடிச்சிட்டுப் போ."