கடைசிச் சட்டிச் சோறு

பிலோமி அக்கா மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டோடு கூட்டு, பொரியல், ரசம், அப்பளம் எல்லாம் வரும். கேட்காமலே வருவது ஞானதுரை அண்ணாச்சியின் புளுகு. கூட்டை மூன்றாவது தடவை கேட்டால் அக்கா முகத்தைச் சுளிப்பாள். புளுகுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது, போதும் என்று கையை மறித்தாலும் ஒரு கரண்டி கூடத்தான் விழும்.

அண்ணாச்சி தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷம் எதையெதையோ உயரத் தூக்கிய பழக்கம் கையை விட்டு வாய்க்கு வந்துவிட்டது என்று ரஞ்சிதம் நினைத்துக்கொள்வாள். மெஸ்ஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் அவள். அண்ணாச்சியின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரிகிற கண்ணே தனக்கு மங்கிப் போச்சு என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கு அவள் சும்மா சாப்பிட வரவில்லை. சட்டிச் சோற்றுக்காக வந்திருந்தாள்.

பிலோமி அக்கா மாங்காய் போட்ட சீலா மீன் குழம்பை முந்தின நாள் சாயங்காலமே பெரிய மண்சட்டியில் வைத்துவிடுவாள். ஒரு ராத்திரி ஊறின குழம்புதான் மறுநாள் இலைக்கு வரும். பந்தி முடியும்போது சட்டியின் அடியில் மசாலா வண்டலும், எண்ணெயும், உதிர்ந்த மீனும், நார் மட்டும் மிஞ்சிய மாங்காயும் கிடக்கும். அதில் சுடுசோற்றைப் போட்டு, சட்டி ஓரமெல்லாம் வழித்துப் பிசைந்தால் அதுதான் சட்டிச் சோறு. ரஞ்சிதம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதற்காகத் தம்பியின் கையைக் கடித்திருக்கிறாள். வாழ்க்கைப்பட்ட வீட்டிலோ மீன் வாசற்படி தாண்டாது. மாமியார் நல்லவள்தான். கத்தரிக்காயை நீளமாக நறுக்கி வதக்கி, "கண்ண மூடிக்கிட்டுத் தின்னு, மீன் மாதிரியே இருக்கும்" என்று சொல்கிற அளவுக்கு நல்லவள். ரஞ்சிதமும் கண்ணை மூடிப் பார்த்தாள். கத்தரிக்காய் கத்தரிக்காயாகவே இருந்தது.

மறுநாள் முதல் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. ஐஸில் கிடந்த மீனைச் சட்டியில் போடுவதற்குப் பதில் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடலாம் என்பவள் பிலோமி அக்கா. ஆக, இந்தச் சட்டியை விட்டால் இரண்டு மாதத்துக்குக் கத்தரிக்காய்தான்.

சட்டி யாருக்கு என்பதில் அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. பிசைந்த சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஆருக்கு இன்னும் பசி அடங்கல?" என்று கேட்பாள். ரொம்பப் பசித்தவருக்குச் சட்டி. முதலில் வந்தவர், வேண்டியவர், பெரிய மனுஷர் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். பங்கும் போட மாட்டாள், பங்கு போட்டால் ருசி ஓடிப்போகும் என்பாள். அவள் அம்மா வீடு நிறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கொடுத்தாளாம்.

பசியைப் பேச்சால் அளக்கிற சட்டம் என்றால் அண்ணாச்சியை யார் ஜெயிப்பது? ஒரு தடவை, "காலைல இருந்து பல்லுல பச்சத்தண்ணி படல" என்று சொல்லிச் சட்டியை வாங்கினார். சொன்னபோது அவர் மீசையில் இட்லிப் பொடி ஒட்டியிருந்தது. இன்னொரு தடவை, பசியில் கண் இருட்டிவிட்டது என்று சுவரைத் தடவித் தடவி நடந்தார். கண் தெரியாத மனுஷர் நேராகச் சட்டிக்குத்தான் வந்து சேர்ந்தார். ரஞ்சிதம் ஒவ்வொரு தடவையும், "எனக்கும் பசிக்கு அக்கா" என்று உள்ளதைச் சொல்லித் தோற்றுப் போனாள்.

மணி மூன்று தாண்டியது. பெஞ்சில் மூன்று பேர்தான் மிச்சம். அண்ணாச்சி, ரஞ்சிதம், ஆட்டோ ஓட்டுகிற கொம்பையா. கொம்பையாவுக்கு மீன்முள்ளைக் கண்டால் பயம், அவன் ஆம்லேட்டுக்காரன். அவன் உட்கார்ந்திருந்தது கதைக்காக.

அடுப்படியில் அக்கா சட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி மூக்கை உயர்த்தினார். போட்டிக்கு முன்னால் உடம்பை முறுக்கிக்கொள்கிற மாதிரி, சட்டிக்கு முன்னால் அவருக்கு ஒரு கதை வேண்டும்.

"வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா வைக்கிற குழம்புக்கு இது எட்டி நிக்கணும். எங்கம்மா தாளிச்சான்னா கொழும்புக்கு வாசம் போகும்."

"காத்து அங்கிட்டு அடிச்சா போயிருக்கும்" என்றான் கொம்பையா.

"காத்து எதுக்குல? அது தானாப் போகும், வழி தெரியும். சாயங்காலம் ஆச்சுன்னா கொழும்புல உள்ளவங்க வெறுஞ்சோத்தத் தட்டுல போட்டுக்கிட்டுக் கடக்கரைக்கு வந்துருவாக. வாசத்தத் தொட்டுக்கிட்டே சோத்தத் தின்னுட்டு, கையக் கழுவிட்டுப் போவாக. ஒரு நா எங்கம்மாவுக்குக் காய்ச்சல், குழம்பு வைக்கல. பட்டினி கெடக்கோம், என்னாச்சுன்னு அங்கன இருந்து தந்தி வந்துட்டு."

"உப்பு தூக்கலா இருக்குன்னு தந்தி வரலியா அண்ணாச்சி?" என்றாள் ரஞ்சிதம்.

"அதுவும் ஒரு தடவ வந்துச்சு" என்றார் அண்ணாச்சி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவரிடம் கேலி செல்லாது. கேலியையும் வாங்கித் தன் கதைக்குள் போட்டுக் கிண்டிவிடுவார். நீங்கள் ஒரு முழம் கொடுத்தால் அதை ஒரு மைலாக்கித் திருப்பித் தருவார். ரஞ்சிதம் இவ்வளவு நாள் தோற்றதில் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

"மீனு எப்படி அண்ணாச்சி? அந்தக் காலத்துல கொஞ்சம் பெருசா இருக்கும், இல்ல?" என்றாள்.

"கொஞ்சமா?" அண்ணாச்சிக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. "எம்மா, நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு சீலா பிடிச்சேன். தூண்டில்ல இல்ல, கிரேன்ல. தலைய இழுத்தாந்து எங்க வீட்டு அடுப்புல வச்சிட்டோம், வால் இன்னும் கடல்ல கெடக்கு. நடுத்துண்டு தெரு வழியாப் போகுது. அதத் தாண்டி சைக்கிள்ல போறவங்க இறங்கித் தூக்கிட்டுப் போவாக. எங்கம்மா குழம்புல மொளகாப் பொடியப் போட்டா, அங்கன வால் துடிக்கும். வால் துடிச்சா தோணியெல்லாம் ஆடும். 'ஏ ஞானதுரை, காரத்தக் கொறைக்கச் சொல்லு'ன்னு கடல்ல இருந்து கத்துவாக."

"உப்பு?"

"உப்பு எதுக்குப் போடணும்? வால் கடல்லதான கெடக்கு. அது உறிஞ்சிக்கும்."

கொம்பையா ஆம்லேட் புரையேறி இருமினான். தண்ணீர் குடித்துவிட்டு, "சரி அண்ணாச்சி, வீட்டுல இப்படி. வெளிய, கடைல எங்கயாவது வயிறாரச் சாப்பிட்டிருக்கீங்களா?" என்றான்.

"கடைக்காரன் ஆரும் என்னைய உள்ள விட மாட்டான்லே. ஒரு பரோட்டாக் கடைல மட்டும் ஆளு தெரியாம உக்கார வச்சிட்டான். நான் தின்ன வேகத்துக்கு மாஸ்டரால வீச முடியல. கோவத்துல ஒரு பரோட்டாவ மேல வீசினான் பாரு, அது இறங்கவே இல்ல. எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்காக. வெள்ளிக்கெழம வீசினது, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வெளிய வாறேன், நேரா என் கையில வந்து விழுது. சூடு ஆறல."

"சால்னா?" என்றாள் ரஞ்சிதம்.

"அது பின்னாலயே மழையா வந்துச்சு."

அடுப்படியில் அகப்பை சட்டியைச் சுரண்டுகிற சத்தம். அக்கா சோற்றைப் போட்டுவிட்டாள். புளியும் மாங்காயும் மீனும் சூட்டில் கலந்து வந்த அந்த வாசத்தில் ரஞ்சிதத்துக்கு ஒரு நிமிஷம் அழுகையே வந்துவிடும் போல் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். அண்ணாச்சியும் உஷாராகிவிட்டார். வயிற்றைத் தடவி, குரலைச் சோர்வாக்கி, பசிக்கு அடிபோட வாயைத் திறந்தார்.

ரஞ்சிதம் முந்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நீங்க எவ்வளவு சாப்பிட்டு என்ன? கப்பல்ல ஒரு சமையக்காரர் இருந்தாராம், அவரு வச்ச சட்டிச் சோறு மாதிரி ஆரும் தின்னதில்லன்னு போட் மெக்கானிக் ஒருத்தர் சொல்லிக்கிட்டிருந்தாரு."

அப்படி மெக்கானிக்கும் இல்லை, சமையல்காரரும் இல்லை. ரஞ்சிதமும் அந்தப் பெஞ்சில்தானே இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்தச் சோத்தத் தின்னதே நான்தான்" என்றார் அண்ணாச்சி உடனே. சோர்வான குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "அவன் எந்த மெக்கானிக்கு? என் பேரச் சொல்லலியா? கப்பல் அளவுக்குச் சட்டி. சட்டிக்குள்ள கப்பலா, கப்பலுக்குள்ள சட்டியான்னு கேப்டனுக்கே சந்தேகம். குழம்பு தீந்ததும் என் கிரேன்ல சோத்த இறக்குனோம். பிசையதுக்கு ஆள் இல்ல. நான்தான் கயிறு கட்டி உள்ள இறங்குனேன். ஒரு ஓரத்துல இருந்து தின்னுக்கிட்டே போறேன், போறேன், எதுத்தாப்புல ஒருத்தன் தின்னுக்கிட்டு வாறான். ஆருன்னு பாத்தா நான்தான். சட்டியச் சுத்தி வந்துட்டேன்."

கொம்பையா நெற்றியில் அடித்துக்கொண்டான். ரஞ்சிதம் மட்டும் சிரிக்கவில்லை. ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அம்புட்டும் தின்னா வயிறு தாங்குமே அண்ணாச்சி. மறுநா மத்தியானம் வரைக்கும் பசிச்சிருக்காது."

"மறுநாளா?"

"சரி, ரெண்டு நாளுன்னு வச்சுக்கோங்க."

"எம்மா ரஞ்சிதம், நீ உன் வீட்டுக் கத்தரிக்காக் கணக்குல பேசுத."

"அப்ப ஒரு வாரமா? போங்க அண்ணாச்சி, ஒரு வாரமெல்லாம் எந்த மனுஷனுக்கும் தாங்காது. நீங்களும் மனுஷன்தான."

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சட்டி ஒரு பக்கம், கௌரவம் ஒரு பக்கம். ஒரே ஒரு கணம் தயங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு முதுகை நிமிர்த்தினார்.

"ஒரு வாரம் இல்ல, ஒரு வருஷம் இல்ல. அன்னைக்கு நெறஞ்ச வயிறு எனக்கு. இன்னைக்கு வரைக்கும் பசின்னா என்னன்னு தெரியாது."

"அப்ப தெனமும் இங்கன வந்து மூணு வாட்டி சோறு வாங்குததெல்லாம்?" என்றான் கொம்பையா.

"அது மரியாதைக்குல. பிலோமி ஆசையாப் போடுதா. வேண்டாம்னா அவ மனசு சங்கடப்படும்லா."

சொல்லி முடித்துத் திரும்பினால், பிலோமி அக்கா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. சட்டியில் செக்கச்செவேல் என்றிருந்த சோற்றில் ஆவி பறந்தது. மேலே ஒரு மாங்காய்த் துண்டு.

சட்டம் சட்டம்தான். "ஆருக்கு இன்னும் பசி அடங்கல?" என்று கேட்டாள்.

பழக்கத்தில் அண்ணாச்சியின் கை வயிற்றைத் தடவப் போனது. பாதியிலே நின்றுவிட்டது.

"எனக்கு அக்கா" என்றாள் ரஞ்சிதம்.

"பிலோமி" என்றார் அண்ணாச்சி, குரல் ரொம்ப இறங்கியிருந்தது. "அந்தப் பழைய பசி இருக்கே, அது இப்பதான் லேசா..."

"இத்தன நா மரியாதைக்குச் சாப்பிட்டுக் கஷ்டப்பட்டது போதும் அண்ணாச்சி. என் மனசு சங்கடப்படாது" என்று சொல்லி, அக்கா சட்டியைக் கொண்டுவந்து ரஞ்சிதத்துக்கு முன்னால் வைத்தாள்.

ரஞ்சிதம் முதல் கவளத்தை உருட்டி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். இந்தத் தடவை மீன் மீனாகவே இருந்தது. தம்பியைக் கடித்தது தப்பே இல்லை என்று தோன்றியது. இரண்டு மாதத்தையும் சேர்த்து நிதானமாக மென்றாள்.

கண்ணைத் திறந்தபோது அண்ணாச்சி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய எல்லாக் கதையிலும் சேர்த்து, அந்த முகம் ஒன்றுதான் உண்மையாக இருந்தது.

"ஒரு உருண்டை..." என்றார்.

"பங்கு போட்டா ருசி போயிரும், அக்கா சட்டம்" என்றாள் ரஞ்சிதம். "நீங்க ஒண்ணு செய்யுங்க அண்ணாச்சி. வெறுஞ்சோறு வாங்கி வச்சுக்கிட்டு இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க. வாசம் வரும். கொழும்புக்கே போகுததுதான, இந்தா இருக்கு பெஞ்சு."

கொம்பையா சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. பிலோமி அக்கா உள்ளே போய், ஒரு அகப்பை வெறுஞ்சோறு கொண்டுவந்து அண்ணாச்சி இலையில் வைத்தாள்.

அண்ணாச்சி இலையை இழுத்துக்கொண்டு ரஞ்சிதத்தின் பக்கம் நகர்ந்தார். சட்டியின் வாசத்தை ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு பிடி சோற்றை வாயில் போட்டு, யோசித்து மென்று விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு பிலோமி" என்றார். "உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்."